விலை போடப்படாத கைகள்

1

கல்லூரி நண்பன் ஒருவன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வாட்ஸப்பில் செய்தி அனுப்பினான். "மச்சி, நாளைக்கு ஜாக்சன் ஹைட்ஸ் வரோம். பெரியவங்க நாலு, வாண்டு ரெண்டு. இப்ப ட்ரெண்டிங்ல இருக்கிற இடமா சொல்லு. ஆனா டூரிஸ்ட் இடம் வேணாம், ஆத்தென்டிக்கா இருக்கணும். விலையும் கம்மியா இருக்கணும். உன்கிட்டதான் லிஸ்ட் இருக்குமே!"

இருந்தது. எட்டு வருடமாக நான் வளர்த்த பட்டியல் அது. இருபத்து மூன்று கடைகள். மோமோவுக்கு எது, அரேபாவுக்கு எது, இரவு ஒரு மணிக்கு நிஹாரி எங்கே கிடைக்கும், எந்தக் கடையில் கார்டு வாங்க மாட்டார்கள், எல்லாம் அதில் உண்டு. நியூயார்க்கில் குவீன்ஸ் பக்கம் குடியிருக்கும் எந்தத் தமிழ் மென்பொருள்காரனிடமும் இப்படி ஒன்று இருக்கும். ஊரில் தாத்தாக்கள் ஜாதகக் கட்டை மடித்து வைத்திருப்பதைப்போல நாங்கள் உணவகப் பட்டியலைக் கைபேசியில் வைத்திருக்கிறோம். கேட்டவுடன் அனுப்புவோம். அனுப்பிவிட்டு ஒரு சின்னப் பெருமிதம் வரும். நான் இந்த ஊர்க்காரன், எனக்கு உள்ளே தெரியும் என்கிற பெருமிதம்.

அன்று நான் அனுப்பவில்லை. அவன் கேட்ட மூன்று விஷயங்களையும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். ட்ரெண்டிங்காக இருக்கணும், ஆத்தென்டிக்காக இருக்கணும், விலை கம்மியாக இருக்கணும். மூன்றையும் ஒரே தட்டில் கேட்கும் உரிமையை நமக்கு யார் கொடுத்தது?

இந்தக் கட்டுரை அந்த உரிமைக்கு எதிரானது. அதை இத்தனை வருடம் அனுபவித்தவன் என்கிற முறையில் எனக்கும் எதிரானது.

2

ஜாக்சன் ஹைட்ஸைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மன்ஹாட்டனிலிருந்து கிழக்கே 7-ஆம் எண் ரயில், ரூஸ்வெல்ட் அவென்யூவின் தலைக்கு மேலே இரும்புத் தூண்களில் ஓடுகிறது. எழுபத்து நான்காம் தெரு நிலையத்தில் இறங்கிப் படியில் கால் வைக்கும்போதே கரியில் சுடும் இறைச்சியின் வாசனை. கீழே நகைக்கடைகள், சேலைக்கடைகள், வங்காளதேச மளிகைகள். தெருவோரம் ஃபுச்கா வண்டி. நம்மூர் பானி பூரியின் ஒன்றுவிட்ட சகோதரி அது. மேலே அவித்த முட்டையைத் துருவிப் போட்டுக் கொடுப்பார்கள். பக்கத்துக் கடையில் திபெத்திய மோமோ. அடுத்து லாஃபிங், பாசிப்பயறு மாவில் செய்த குளிர்ந்த, வழுக்கும் பட்டை, மேலே மிளகாய் எண்ணெய். ரயில் பாதையின் நிழலிலேயே கிழக்கே நடந்தால், எண்பத்து இரண்டாம் தெருவுக்குள் கொலம்பியாவும் எக்குவடோரும் வந்துவிடும். இன்னும் நடந்தால் கரோனா, அங்கே மெக்சிகோ. விடியற்காலையில் பெண்கள் தள்ளுவண்டியில் சூடான தமாலே விற்பார்கள். மக்காச்சோளத் தோலைப் பிரிக்கும்போது ஆவி வரும். நம் ஊரில் இலையைப் பிரித்துக் கொழுக்கட்டை சாப்பிடுகிற அதே கை அசைவு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் பேட்டை இப்படிக் கலந்து வாழ்வதற்காகக் கட்டப்பட்டதே இல்லை. 1910-களில் குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் வயல்வெளியை வாங்கி, நடுவே தோட்டம் வைத்த அடுக்குமாடிகளைக் கட்டியது. ரயில் 1917-இல் வந்தது. மன்ஹாட்டன் நெரிசலிலிருந்து தப்பிக்க நினைத்த வெள்ளை நடுத்தர வர்க்கத்துக்கான வீடுகள் அவை. கறுப்பினத்தவருக்கும் யூதர்களுக்கும் அங்கே இடம் இல்லை. யார் வரக்கூடாது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் செங்கல் வைத்தார்கள்.

பிறகு 1965-இல் குடியேற்றச் சட்டம் மாறியது. நாட்டு வாரி ஒதுக்கீடு போயிற்று. இந்தியப் பொறியாளர்களும் மருத்துவர்களும் வந்தார்கள். ஊருக்கு எடுத்துப்போக 220 வோல்ட் மிக்ஸி விற்கும் கடைகள் எழுபத்து நான்காம் தெருவில் முளைத்தன. கொலம்பியர்கள் வந்தார்கள். பின்னால் வங்காளதேசத்தவர்கள், நேபாளிகள், திபெத்தியர்கள். ஒவ்வொரு அலையும் முந்தைய அலை காலி செய்த கடையில் தன் அடுப்பை வைத்தது. இன்று ஜாக்சன் ஹைட்ஸ் பற்றி யார் எழுதினாலும் "இத்தனை மொழி, இத்தனை நாடு" என்று தொடங்குகிறார்கள். தொடங்கிய வேகத்தில் "சாப்பிட வேண்டிய பத்து இடங்கள்" என்று முடிக்கிறார்கள். நடுவில் இருக்கவேண்டிய மனிதர்களைக் காணோம்.

3

இனி விலைக்கு வருகிறேன்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உணவுத் துறைப் பேராசிரியர் கிருஷ்ணேந்து ராய், 2016-இல் 'தி எத்னிக் ரெஸ்டாரட்டர்' என்ற நூலை எழுதினார். அவர் வாதத்தை என் மொழியில் சுருக்குகிறேன். ஒரு நாட்டுச் சமையலுக்கு நகரம் கொடுக்கத் தயாராக இருக்கும் விலையை நாக்கு மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் நகரத்தில் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. ஜப்பான் பணக்கார நாடானபோது சூஷி ஏறியது. ஏழை இத்தாலியர்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய காலத்தில் அவர்களின் பூண்டு வாசனையைப் பார்த்து மூக்கைப் பிடித்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் வெள்ளையர்களோடு வெள்ளையராகக் கலந்தபிறகு அதே பாஸ்தா விலையேறியது. நிறையப் பேர் ஏழைகளாக வந்துகொண்டே இருக்கும் நாட்டின் சாப்பாடு மட்டும் மலிவாகவே இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

நம் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மன்ஹாட்டன் கிரீனிச் வில்லேஜில் செம்மா உணவகம் 2021-இல் திறந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்துச் சமையல், நத்தைப் பிரட்டல் உட்பட. 2022-இல் மிஷெலின் நட்சத்திரம். 2025-இல் அதன் சமையற்கலைஞர் விஜய் குமாருக்கு நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையற்கலைஞர் என்று ஜேம்ஸ் பியர்ட் விருது. அன்றிரவு எங்கள் வாட்ஸப் குழுக்கள் தீபாவளி கொண்டாடின. நானும்தான். 'நம்ம சாப்பாட்டுக்கு இவ்ளோ விலையா' என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை நாள் கழித்தாவது கிடைத்ததே என்றுதான் சொன்னோம். அது நியாயமான பேச்சு. அவர்கள் விலை சரியான விலை.

அதே வாரம் நான் இன்னொரு காரியமும் செய்தேன். வாடிக்கையாகப் போகும் ஒரு மோமோக் கடையில் தட்டுக்கு இரண்டு டாலர் ஏற்றியிருந்தார்கள். எட்டு மோமோ. உள்ளங்கையில் மாவைத் தட்டி, இறைச்சி வைத்து, ஓரத்தைப் பதினைந்து பதினாறு மடிப்பாகக் கிள்ளி மூடவேண்டும். கடையின் பின்பக்கம் இரண்டு பெண்கள் காலையிலிருந்து அதைச் செய்துகொண்டே இருப்பார்கள். நான் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து, ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் மூன்று நட்சத்திரம் போட்டு எழுதினேன். "சுவை பழையபடியே. ஆனால் முன்பு போல வொர்த் இல்லை."

நத்தைக்கு வாங்கும் விலையைப் பெருமை என்கிறேன். மோமோவுக்கு ஏறிய இரண்டு டாலரைக் கொள்ளை என்கிறேன். இந்த இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே கட்டைவிரலால் தட்டியவன் நான். எனக்கு வேண்டியது நேபாளியின் அசல் சமையல் இல்லை. அவர் என்னைவிட ஒரு படி கீழேயே இருந்து எனக்குச் சமைக்கவேண்டும் என்பதுதான்.

4

இந்த இடத்தில் நான் என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். சொல்லாமல் எழுதினால் இது வெறும் புத்தக நியாயமாகப் போய்விடும்.

நான் பொறியியல் படித்த காலத்தில் அம்மா திருச்சியில், எங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு மெஸ் நடத்தினார். வீட்டின் முன்னறையில் நான்கு மேசை. வெளியே பலகை: 'வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்'. மாணவர்கள் கணக்கு நோட்டில் எழுதிவைத்துச் சாப்பிடுவார்கள். 2007-இல் அளவுச் சாப்பாட்டை இருபது ரூபாயிலிருந்து இருபத்து மூன்றாக ஏற்றினார். பருப்பு விலை ஏறியிருந்தது. மறுநாளே பசங்க வரவில்லை. "ஆன்ட்டி கமர்ஷியல் ஆயிட்டாங்க" என்று விடுதியில் பேசிக்கொண்டார்கள். என் வகுப்புப் பசங்கதான். ஒரு வாரம் முன்னறை காலியாகக் கிடந்தது. எட்டாம் நாள் அம்மா பலகையில் 23-ஐ அழித்து 20 என்று எழுதினார். பசங்க திரும்பி வந்தார்கள். எல்லாம் சுபம்.

ஆனால் பருப்பு விலை இறங்கவில்லையே. அந்த மூன்று ரூபாய் எங்கே போயிற்று? பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த அக்காவை அம்மா நிறுத்திவிட்டார். நாலரைக்கு எழுந்துகொண்டிருந்தவர் மூன்றரைக்கு எழ ஆரம்பித்தார். சாப்பிட வந்த யாருக்கும் இது தெரியாது. ரசம் அதே ரசம்தான்.

'வீட்டுச் சாப்பாடு' என்று நாம் உருகிச் சொல்லும் சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் சமைக்கிறவருக்குச் சம்பளம் கிடையாது. அதனால்தான் அது அவ்வளவு ருசி, அவ்வளவு மலிவு. கடையில் போய் வீட்டுச் சாப்பாடு கேட்கிறவர், சம்பளம் இல்லாத கையைத்தான் கேட்கிறார். ஜாக்சன் ஹைட்ஸில் அதற்கு ஆத்தென்டிக் என்று பெயர். வித்தியாசம் அவ்வளவுதான். குடும்பமே உழைக்கும் கடை, பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் கல்லாவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் கடை, அதைப் பார்த்து நாம் நெகிழ்ந்து படம் எடுத்துப் போடுகிறோமே, அந்தப் படத்தில் தெரிவது கணக்கில் வராத ஒரு வேலையாள்.

5

பட்டியல்காரர்களுக்குப் பிடித்த இன்னொரு சொல் 'மறைந்திருக்கும் ரத்தினம்'. யார் மறைத்தது?

எழுபத்து நான்காம் தெருவில் லாசா ஃபாஸ்ட் ஃபுட் என்ற திபெத்தியக் கடை பல வருடம் ஒரு செல்போன் கடைக்குப் பின்னால் இருந்தது. சார்ஜர்களையும் கைபேசி உறைகளையும் தாண்டி, ஒரு நடைபாதை வழியே உள்ளே போகவேண்டும். உணவு எழுத்தாளர்கள் அந்த நடைபாதையைப் பற்றி எழுதித் தீர்த்தார்கள். ஏதோ சாகசம்போல. நானும் பலரை அந்த வழியே கூட்டிப்போய், "பாரு, இங்க ஒரு கடை இருக்குன்னு நம்புவியா" என்று காட்டியிருக்கிறேன். இந்தப் பேட்டையில் தெருவைப் பார்த்த முகப்புக்குத் தனி விலை. ஒரே கடையை மூன்றாக நான்காகத் தடுத்து, முன்னால் சிம் கார்டு, நடுவில் புருவம் திருத்துபவர், பின்னால் அடுப்பு என்று பிரித்துக்கொள்வது இங்கே வழக்கம். வாடகையைப் பகிர்வதற்கான ஏற்பாட்டைத்தான் நாம் ரகசியம் என்று ரசிக்கிறோம்.

நியூயார்க்கில் வீட்டு வாடகைக்காவது ஓரளவு கட்டுப்பாடு உண்டு. கடை வாடகைக்கு 1945-இல் கொண்டுவந்த கட்டுப்பாடு 1963-இல் முடிந்துபோயிற்று. அதன்பின் இல்லை. ஒப்பந்தம் முடியும் நாளில் உரிமையாளர் என்ன கேட்கிறாரோ அதுதான். பிரெட்ரிக் வைஸ்மன் 2015-இல் எடுத்த 'இன் ஜாக்சன் ஹைட்ஸ்' ஆவணப்படம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதில் சாப்பாட்டைவிட நீளமாக வருவது கூட்டங்கள். வணிக மேம்பாட்டு மாவட்டம் என்ற திட்டம் வந்தால் பெரிய சங்கிலிக் கடைகள் வரும், வாடகை ஏறும், நாம் போய்விடுவோம் என்று சிறு கடைக்காரர்கள் ஸ்பானிய மொழியில் பேசிக்கொண்டே இருப்பார்கள். முதல்முறை பார்த்தபோது எனக்குப் பொறுமை இல்லை, அந்த இடங்களை ஓட்டிவிட்டேன். படம் அந்தக் கூட்டங்களில்தான் இருக்கிறது என்று பிறகு புரிந்தது.

தெரு வண்டிகளின் கதை இன்னும் மோசம். உணவு வண்டி அனுமதிச் சீட்டுகளின் எண்ணிக்கையை நகரம் 1983-இல் சுமார் 3,000 என்று முடக்கியது. எண்பது லட்சம் பேர் வாழும் நகரத்துக்கு மூவாயிரம். அதனால் சீட்டு கைமாறும் கள்ளச் சந்தை உருவானது. நகரம் வாங்கும் கட்டணம் இரண்டு வருடத்துக்குச் சில நூறு டாலர், கள்ளச் சந்தையில் அது இருபதாயிரத்தைத் தாண்டியது. 2021-இல் ஒரு சட்டம் வந்தது. ஆண்டுக்கு 445 வீதம் பத்து வருடத்துக்குப் புதிய உரிமங்கள் தருவதாகச் சொன்னது. அதுவும் ஆமை வேகத்தில் நகர்ந்தது. சீட்டு இல்லாமல் தமாலே விற்கும் பெண்ணைக் காவல்துறை பிடித்தால் அபராதம். ரூஸ்வெல்ட் அவென்யூவின் புகழ்பெற்ற 'அரேபா லேடி' மரியா பியேதாத் கானோ, கொலம்பியாவில் நீதிபதியாக இருந்தவர். இங்கே வந்து இரவில் தள்ளுவண்டியில் சோள அடை சுட்டார். அவருக்கென்று நான்கு சுவர் வைத்த கடை அமைந்தது 2014-இல்தான். அதற்குள் பத்திரிகைகள் எத்தனையோ முறை அவரைப் புகழ்ந்துவிட்டன. புகழ்வதற்குச் செலவில்லை.

6

என் தொழில் வழியாகவும் ஒரு வாக்குமூலம் பாக்கி இருக்கிறது. ஒரு நிறுவனத்தில் இரண்டு வருடம், தேடினால் எந்த உணவகம் மேலே வரவேண்டும் என்று வரிசைப்படுத்தும் குழுவில் இருந்தேன். மக்கள் எழுதும் விமர்சனங்களிலிருந்து 'கொடுத்த காசுக்குத் தகும்' என்பதற்கு ஒரு மதிப்பெண் எடுப்போம். வாக்கியங்களைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பிரெஞ்சு உணவகத்துக்கு வந்தவர்கள் 'விலை அதிகம், ஆனால் அனுபவம்' என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள். மெக்சிகோ கடைக்கு வந்தவர்கள் 'விலை ஏறிவிட்டது' என்று எழுதி இரண்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். இயந்திரம் இதை அப்படியே கற்றுக்கொள்ளும். விலை ஏற்றினால் நட்சத்திரம் குறையும், நட்சத்திரம் குறைந்தால் வரிசையில் இறங்குவாய், இறங்கினால் கூட்டம் வராது. என் அம்மாவின் கடைக்கு ஒரு விடுதியின் புறக்கணிப்பு. இங்கே அதே புறக்கணிப்பு தானாக நடக்கிறது, அதற்கு நான் நிரல் எழுதிச் சம்பளம் வாங்கினேன்.

எனக்கு மட்டும் தோன்றியதில்லை இது. 2019-இல் ஈட்டர் இதழில் வந்த கட்டுரை ஒன்று, நியூயார்க் உணவகங்களைப் பற்றி யெல்ப்பில் எழுதப்பட்ட 20,000 விமர்சனங்களை ஆராய்ந்தது. 'ஆத்தென்டிக்' என்ற சொல், ஐரோப்பியச் சமையல் அல்லாத கடைகளுக்கு வரும்போது அழுக்கு, எளிய அலங்காரம், மலிவு ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னது. ஐரோப்பியக் கடைகளுக்கோ நேர்த்தியோடு. ஆகவே அந்தக் கடைக்காரர் சுவரை வெள்ளையடித்து, நல்ல நாற்காலி போட்டு, ஊழியருக்குச் சம்பளத்தை உயர்த்தினால், அவர் 'அசல்' தன்மையை இழந்துவிடுவார். ஏழையாக நடிக்கவேண்டிய கட்டாயத்தை ஏழைகள்மீதே சுமத்தும் ஒரே ரசனை உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும்.

7

"அப்ப மலிவான சாப்பாடே இருக்கக்கூடாதுங்கிறியா?" என்று கேட்பீர்கள். இது நல்ல கேள்வி, இதைத் தாண்டிக் குதித்துப் போக நான் விரும்பவில்லை.

அந்தக் கடைகள் முதலில் எனக்காகத் திறக்கப்பட்டவை அல்ல. இரவு ஷிஃப்ட் முடித்த டாக்ஸி ஓட்டுநர் நள்ளிரவில் கபாபும் நானும் சாப்பிடுகிறார். கட்டட வேலைக்குப் போகிறவர் காலை ஐந்தரைக்கு இரண்டு தமாலே வாங்குகிறார். விலை ஏறினால் முதலில் அடிபடுவது அவர்கள். டாக்ஸி உரிமத்தை ஒரு காலத்தில் பத்து லட்சம் டாலர் வரை கொடுத்து வாங்கி, அது சரிந்தபின் கடனில் மூழ்கியவர்களில் இந்தத் தெருவில் சாப்பிடுகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு மலிவுச் சாப்பாடு வேண்டும். அது ருசி சம்பந்தப்பட்டதில்லை, பிழைப்பு சம்பந்தப்பட்டது.

ஆனால் அவரும் நானும் ஒரே மலிவைத்தான் அனுபவிக்கிறோம் என்று சொல்வது பித்தலாட்டம். அவர் அந்தச் சமையல்காரரோடு ஒரே படியில் நிற்பவர். கடன் சொல்லுவார், ஊர்ச் செய்தி சொல்லுவார், கடைக்காரரின் தம்பிக்கு வேலை பார்த்துக் கொடுப்பார். அவர் கொடுக்கும் எட்டு டாலரைச் சுற்றி ஓர் உறவு இருக்கிறது. நான் வெளியிலிருந்து வந்து, அவருக்கென்று வைத்த விலையை என் திறமையாக எண்ணிக்கொண்டு, பட்டியலில் ஏற்றி, என் வருமானம் உள்ள நூறு பேரை அந்த வரிசையில் நிறுத்துகிறேன். ஓட்டுநருக்கு மேசை கிடைக்காது. கூட்டத்தைப் பார்க்கும் கட்டட உரிமையாளர் அடுத்த ஒப்பந்தத்தில் வாடகையை ஏற்றுவார். அப்போது விலையை ஏற்றத்தான் வேண்டும். ஏற்றினால், "முன்னமாதிரி இல்ல" என்று நான் அடுத்த பேட்டைக்குப் போய்விடுவேன். என்னிடம் அடுத்த பட்டியல் இருக்கும்.

போவதற்கு வேறு இடம் இருக்கிறவன் யார், இல்லாதவர் யார் என்று 2020-இல் பார்த்தோம். இந்தப் பேட்டைக்குத் தெற்கே சில தெருக்கள் தள்ளி எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனை. மார்ச் கடைசியில் ஒரே நாளில் பதின்மூன்று பேர் அங்கே கொரோனாவில் இறந்தார்கள். நாடே அந்த மருத்துவமனையின் வாசலைத் தொலைக்காட்சியில் பார்த்தது. நாங்கள் மடிக்கணினியோடு வீட்டில் உட்கார்ந்துகொண்டோம். ஒரே வீட்டில் மூன்று குடும்பமாக இருந்துகொண்டு, சமைக்கவும் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கவும் வெளியே போனவர்கள் இந்தக் கடைகளின் ஆட்கள். என் வீட்டு வாசலில் சூப்பை வைத்துவிட்டு, மணியடித்து, படியிறங்கிப் போனவரின் முதுகை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். அந்தக் கோடையில் கடைகள் திறந்ததும் என் பட்டியலில் ஐந்து பெயர்களை அடித்தேன். 'மூடப்பட்டது' என்று பக்கத்தில் குறித்தேன். யார் என்ன ஆனார்கள் என்று விசாரிக்கவில்லை. விசாரிக்க எனக்குப் பெயர் தெரியாது. கடையின் பெயர் மட்டும்தான் தெரியும்.

8

சனிக்கிழமை காலை நண்பனுக்கு ஒரு பதில் அனுப்பினேன். "லிஸ்ட் அழிச்சிட்டேன். நீங்க வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். மூணு கண்டிஷன். விலையைப் பத்திப் பேசக்கூடாது, நல்லதாவும் பேசக்கூடாது. டிப்ஸ் கையில காசா வைக்கணும். பிடிச்சிருந்தா ஒரு மாசத்துல திரும்ப வரணும்."

"சாப்பிடக் கூப்பிட்டா பாடம் எடுக்கிறான் பாரு" என்று பதில் வந்தது. ஆனாலும் வந்தார்கள்.

மூன்று நட்சத்திரம் போட்ட அந்த மோமோக் கடைக்குத்தான் கூட்டிப்போனேன். அந்த விமர்சனத்தை முந்தின இரவே நீக்கிவிட்டேன். அது பெரிய பரிகாரம் ஒன்றும் இல்லை, தெரியும். கடை வாடகைக்கு வரம்பும், தள்ளுவண்டிக்குச் சீட்டும் நகரசபை தரவேண்டியவை. அதற்காகக் கூட்டம் போடுகிறவர்களின் பின்வரிசையில் போய் உட்காரலாம், இவ்வளவு நாள் உட்காரவில்லை. சாப்பிடுகிறவன் தனியாக நல்லவனாகி எதையும் சரிசெய்துவிட முடியாது. ஆனால் பொய் சொல்லாமல் சாப்பிடலாம்.

குழந்தைகள் மோமோவின் மடிப்புகளை எண்ணினார்கள். பின்பக்கத்திலிருந்து அந்த இரண்டு பெண்களில் ஒருவர் எட்டிப்பார்த்துச் சிரித்தார். "திதி, ஒரு நாளைக்கு எத்தனை செய்வீங்க?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். எட்டு வருடத்தில் முதல்முறை. எண்ணுவதில்லை என்றார். எண்ணினால் கை வலிக்கும் என்றார்.

பில் வந்தது. நண்பன் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். காசை வைத்துவிட்டு வெளியே வந்ததும், ரயில் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தவன்போல நின்று சொன்னான்: "டேய், உங்க அம்மா மெஸ்ல அந்த மூணு ரூபா பிரச்சனைல நானும் வராம இருந்தேன்டா."

"தெரியும்."

"கடைசி செமஸ்டர் கணக்கையும் நான் முடிக்கல. எவ்ளோன்னுகூட ஞாபகம் இல்ல. அம்மாகிட்ட கேட்டுச் சொல்றியா?"

அன்று இரவு, திருச்சியில் ஞாயிறு காலை, அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவனை அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மோர் இரண்டு தம்ளர் கேட்பானே, அந்தப் பையன்தானே என்றார். பாக்கி எவ்வளவு என்று தெரியவில்லை.

"அந்த நோட்டெல்லாம் எப்பவோ பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சுப்பா" என்றார். "கிலோ ஏழு ரூபான்னு எடுத்துக்கிட்டான்."